கிராபீனை மாற்றியமைத்துப் பயன்படுத்துவது எப்படி? யாழ்ப்பாணத்துத் தண்ணீரை மனதில் வைத்து ஒரு முழுமையான வழிகாட்டி

இறுதியாண்டு ஆய்வுக்குத் தலைப்புத் தேடும் பிள்ளைகளில் பலர் "கிராபீனில் ஏதாவது செய்ய வேண்டும்" என்றுதான் தொடங்குகிறார்கள். அப்படித் தொடங்கினால் கடைசியில் ஒரு போத்தல் கறுப்புத் தூளும் நாலைந்து வரைபுகளும்தான் மிஞ்சும். கேள்வியைத் திருப்பிப் போடுங்கள். எதைப் பிடிக்க வேண்டும், எந்தத் தண்ணீரில், எந்த இடத்தில்? இதற்குப் பதில் கிடைத்த பிறகுதான் கிராபீனில் எந்தக் கூட்டத்தை, அதாவது எந்த அணுத் தொகுதியை, கோர்ப்பது என்ற முடிவுக்கு வரலாம். கிராபீன் என்பது காபன் அணுக்களாலான ஒற்றை அடுக்குத் தாள். அந்தப் பெயர் தானாக ஒரு வேலையும் செய்யாது. அதில் நாம் கோர்க்கும் கூட்டங்கள்தான் வேலை செய்யும்.

இந்த வழிகாட்டி, பல்கலைக்கழக ஆய்வுகூடத்தில் மேற்பார்வையோடு வேலை செய்யும் மாணவர்களுக்கானது. உயர்தர இரசாயனவியல் தெரிந்தால் வாசிக்கலாம். வீட்டுக் குசினியில் செய்து பார்க்கும் விசயம் இது இல்லை. ஏன் என்பது மூன்றாவது படியில் தெரியும்.

படி 1: எதற்கு இந்த மாற்றம் என்று விளங்கிக்கொள்ளுங்கள்

காரீயம், அதாவது கிராபைட், வெற்றிலைக் கட்டுப் போல அடுக்கடுக்காக இருக்கும் காபன். அதில் ஓர் அடுக்கை மட்டும் தனியே எடுத்தால் அது கிராபீன். 2004 இல் மன்செஸ்டர் பல்கலைக்கழகத்தில் ஆந்திரே கெய்மும் கொன்ஸ்தாந்தீன் நொவோசெலோவும் சாதாரண ஒட்டு நாடாவால் உரித்து அதைப் பிரித்துக் காட்டினார்கள். 2010 இல் பௌதிகவியலுக்கான நோபல் பரிசு கிடைத்தது. கோட்பாட்டின்படி ஒரு கிராம் கிராபீனுக்கு 2630 சதுர மீற்றர் பரப்பு உண்டு.

ஆனால் சுத்தமான கிராபீன் தண்ணீரில் கலக்காது. போட்டவுடன் தாள்கள் ஒன்றோடொன்று ஒட்டி மறுபடியும் காரீயம் மாதிரி ஆகிவிடும். அந்த 2630 சதுர மீற்றரும் காகிதத்தில்தான் இருக்கும். ஒட்சிசன் கூட்டங்களைக் கோர்த்தால் நிலைமை மாறும். தாளின் நடுப்பகுதியில் ஐதரொட்சில், எப்பொட்சிக் கூட்டங்களும், ஓரங்களில் காபொட்சில் கூட்டங்களும் இருக்கும் என்பது 1998 இல் லேர்ஃப், கிளினோவ்ஸ்கி குழுவினர் முன்வைத்த மாதிரியுரு. இன்றும் பெரும்பாலானோர் அதையே வைத்துப் பேசுகிறார்கள். இதுதான் கிராபீன் ஒட்சைட்டு. தண்ணீரில் நன்றாகப் பரவும், மறை ஏற்றம் கொண்டது, மின்னைக் கடத்தாது. மின்கடத்தல் வேண்டுமென்றால் அந்த ஒட்சிசனில் பெரும்பகுதியைத் திரும்ப எடுக்க வேண்டும். அப்படிக் கிடைப்பது தாழ்த்திய கிராபீன் ஒட்சைட்டு. இதுவும் அசல் கிராபீன் இல்லை. தாளில் ஓட்டைகளும் கொஞ்சம் ஒட்சிசனும் மிச்சமிருக்கும். அந்தக் குறைகளே சில வேலைகளுக்கு வசதியாகவும் அமையும்.

ஐதரசனைக் கோர்த்த கிராபேன், புளோரீனைக் கோர்த்த புளோரோகிராபீன் போன்றவையும் இருக்கின்றன. அவற்றுக்குத் தேவையான வசதி இங்கே எளிதில் கிடைக்காது. அவற்றை விட்டுவிடுவோம்.

படி 2: காரீயத்தைத் தெரிவுசெய்யுங்கள்

இந்த விசயத்தில் நமக்கு ஒரு வசதி இருக்கிறது. கேகாலை மாவட்டத்தின் போகலவிலும், குருநாகல் மாவட்டத்தின் கஹடகஹவிலும் பாறை நரம்புகளுக்குள் கிடைக்கும் காரீயம் உலகிலேயே தூய்மை கூடிய இயற்கைக் காரீயங்களில் ஒன்று. தோண்டி எடுக்கும்போதே பல துண்டுகளில் காபன் 95 சதவீதத்துக்கு மேல் இருக்கும். வெளிநாட்டுப் போத்தலுக்குக் காத்திருக்கத் தேவையில்லை.

துகளின் அளவைக் கவனியுங்கள். பெரிய செதிலில் இருந்து பெரிய தாள் வரும், ஆனால் ஒட்சியேற்றம் உள்ளே போக நேரம் எடுக்கும். மிக நுண்ணிய தூள் சீக்கிரம் ஒட்சியேறும், தாள்கள் சிறியதாக வரும். புறத்துறிஞ்சலுக்கு, அதாவது பொருட்களை மேற்பரப்பில் ஒட்டவைத்துப் பிடிப்பதற்கு, சிறிய தாள் போதும். சவ்வு செய்வதென்றால் பெரியது நல்லது. முதல்முறை செய்கிறவர்கள் நடுத்தர அளவில் தொடங்கலாம்.

படி 3: ஒட்சியேற்றம்

1859 இல் பிரித்தானியரான பெஞ்சமின் புரோடி, பொற்றாசியம் குளோரேற்றையும் புகையும் நைத்திரிக் அமிலத்தையும் கொண்டு காரீயத்தை ஒட்சியேற்றினார். 1958 இல் ஹம்மர்ஸும் ஒஃப்மனும் செறிந்த சல்பூரிக் அமிலம், சோடியம் நைத்திரேற்று, பொற்றாசியம் பரமங்கனேற்று என்று மாற்றினார்கள். அந்த முறையில் நச்சு நைதரசன் ஒட்சைட்டு வாயுக்கள் வரும். 2010 இல் அமெரிக்காவின் ரைஸ் பல்கலைக்கழகத்தில் ஜேம்ஸ் டூர் குழு, சோடியம் நைத்திரேற்றை விட்டுவிட்டு பொசுபோரிக் அமிலத்தைச் சேர்த்தது. நான் மாணவர்களுக்குச் சொல்வது இந்த முறையைத்தான். நேரம் கூட எடுக்கும், அமிலமும் கூடச் செலவாகும். ஆனாலும் அந்த வாயுத் தொல்லை இல்லாததே பெரிய விசயம்.

அளவு இது. காரீயம் 1 கிராம், பொற்றாசியம் பரமங்கனேற்று 6 கிராம், செறிந்த சல்பூரிக் அமிலம் 120 மில்லிலீற்றர், பொசுபோரிக் அமிலம் ஏறக்குறைய 13 மில்லிலீற்றர். அமிலங்கள் 9 க்கு 1 என்ற விகிதத்தில் இருக்க வேண்டும்.

அமிலக் கலவையில் காரீயத்தைப் போட்டு, குடுவையைப் பனிக்கட்டித் தொட்டியில் வைத்து, காந்தக் கலக்கியை ஓடவிடுங்கள். பரமங்கனேற்றைச் சிட்டிகை சிட்டிகையாகப் போடுங்கள். ஒவ்வொரு தடவையும் வெப்பமானியைப் பார்த்துவிட்டே அடுத்ததைப் போட வேண்டும். போட்டு முடிந்ததும் 50 பாகை செல்சியஸில் 12 மணித்தியாலம் கலக்குங்கள். கலவை கடும் பச்சையில் இருந்து மண்ணிறம் கலந்த தடித்த பசையாக மாறும்.

ஆபத்து இருக்கும் இடமும் இதுதான். செறிந்த சல்பூரிக் அமிலத்தில் பரமங்கனேற்று சேரும்போது மங்கனீசு எப்டொட்சைட்டு என்ற பச்சை நிறப் பொருள் உண்டாகும். ஒட்சியேற்றத்தைச் செய்வதே அதுதான். 55 பாகைக்கு மேலே போனால் அது வெடிக்கும். அசற்றோன், அற்ககோல் போன்ற கரிமப் பொருள் பட்டாலும் தீப்பிடிக்கும். அதனால் 50 என்றால் 50தான், 60 இல் வைத்துச் சீக்கிரம் முடிக்கலாம் என்று நினைக்கவே கூடாது. அசற்றோனில் கழுவிய குடுவையைக் காயாமல் பாவிக்கக் கூடாது. நச்சு வாயுக்களை வெளியே இழுக்கும் பியூம் கபேட்டுக்குள்தான் செய்ய வேண்டும். முகக் கவசம், தடித்த கையுறை, பக்கத்தில் இன்னொருவர் எல்லாம் கட்டாயம்.

நம்ம ஊருக்கென்று இன்னும் இரண்டு எச்சரிக்கை. சித்திரை மாத வெயிலில் அறை வெப்பநிலையே 33, 34 பாகைக்குப் போகும். தொட்டியில் பனிக்கட்டி கரைகிறதா என்று பார்த்துக்கொண்டே இருங்கள். அடுத்தது, கரண்ட் போனால் கலக்கி நின்றுவிடும். திடப்பொருள் அடியில் தங்கி, அந்த இடம் மட்டும் சூடேறும். கரண்ட் வந்ததும் கலக்கி முழு வேகத்தில் சுழன்றால் எல்லாம் ஒரேயடியாகத் தாக்கமுறும். பரமங்கனேற்றைச் சேர்க்கும் நேரத்தில் கரண்ட் போனால் சேர்ப்பதை நிறுத்தி, பனிக்கட்டியைக் கூட்டி, கலக்கியின் சுவிட்சை அணைத்துவிடுங்கள். பிறகு மெதுவான வேகத்தில் இருந்து தொடங்குங்கள். இரவு முழுக்க ஆளில்லாமல் விடும் வேலை இல்லை இது. விடிய ஐந்து, ஆறு மணிக்குத் தொடங்கினால் இரவாகும்போது முடிக்கலாம்.

12 மணித்தியாலம் முடிந்து நன்றாக ஆறிய பிறகு, 130 மில்லிலீற்றர் அளவு பனிக்கட்டியின் மேல் கலவையை மெதுவாக ஊற்றுங்கள். பனிக்கட்டியைக் கலவைக்குள் போடக் கூடாது. 30 சதவீத ஐதரசன் பேரொட்சைட்டு ஒரு மில்லிலீற்றர் அளவு சேருங்கள். மிச்சப் பரமங்கனேற்று அழிந்து, நல்ல மஞ்சள் நிறம் வரும். அந்த மஞ்சள் வந்தால் வேலை பெரும்பாலும் சரி.

படி 4: கழுவுதல்

பிள்ளைகள் பொறுமை இழக்கும் இடம் இது. முதலில் 10 சதவீத ஐதரோகுளோரிக் அமிலத்தால் கழுவி மங்கனீசு அயன்களை எடுக்க வேண்டும். அதன் பிறகு காய்ச்சி வடித்த நீரால் திரும்பத் திரும்பக் கழுவி, வேகமாகச் சுழற்றிப் பிரிக்கும் சென்றிபியூஜில் இறக்க வேண்டும். அமிலம் குறையக் குறைய, தாள்கள் விரிந்து ஜெலி போலத் தடிக்கும். அந்த நிலையில் இறங்க மறுக்கும். சென்றிபியூஜின் வேகத்தைக் கூட்டுங்கள், அல்லது சிறிய அயன்களை மட்டும் வெளியே விடும் டயலிசிஸ் பையில் சில நாட்கள் வைத்து நீரை மாற்றிக்கொண்டிருங்கள்.

குழாய்த் தண்ணீர், கிணற்றுத் தண்ணீர் இரண்டையும் பக்கத்தில் கொண்டுவராதீர்கள். யாழ்ப்பாணக் குடாநாட்டின் நிலத்தடி நீர் சுண்ணாம்புக்கல்லுக்குள் இருந்து வருகிறது. கேத்திலின் அடியில் வெள்ளையாகப் படிவது அந்தக் கல்சியம்தான். நீரின் வன்மை லீற்றருக்கு 300 மில்லிகிராம் கல்சியம் காபனேற்று என்று அறிக்கையில் இருந்தால், அது 3 மில்லிமோல். கிராபீன் ஒட்சைட்டின் மறை ஏற்றத் தாள்களை ஒன்றோடொன்று கட்டித் திரளவைக்க, சில மில்லிமோல் கல்சியமே போதும். சோடியம் இதே வேலையைச் செய்ய அதைவிடப் பல மடங்கு வேண்டும். அழகாகப் பரவியிருந்த மண்ணிறக் கரைசலில் கிணற்றுநீரை விட்டுப் பார்த்தால், கொஞ்ச நேரத்தில் திட்டுத் திட்டாகத் திரண்டு இறங்கும். இந்தக் கல்சியத்தை மறக்காதீர்கள். கீழே ஒவ்வொரு பயன்பாட்டிலும் அது குறுக்கே வரும்.

முடிந்தால் உலர்த்தாமல் நீர்ப் பரவலாகவே மூடி வையுங்கள். உலர்த்தத்தான் வேண்டுமென்றால் 60 பாகைக்குக் கீழே, சிறிய அளவில் செய்யுங்கள். நன்றாகக் கழுவாமல் பொற்றாசியம் உப்பு மிஞ்சிய கிராபீன் ஒட்சைட்டு, உலர்ந்ததும் எளிதில் குப்பென்று பற்றக்கூடியது. மீயொலிக் குளியலில் அரை மணித்தியாலம் வைத்தால் தாள்கள் பிரியும். மணிக்கணக்கில் வைத்தால் தாள்களே உடைந்து நொருங்கும்.

படி 5: கிடைத்தது அதுதானா?

எக்ஸ் கதிர்ப் பரிசோதனையில் காரீயத்தின் உச்சி 26.5 பாகைக் கோணத்தில் இருக்கும், அடுக்கு இடைவெளி 0.335 நானோமீற்றர். கிராபீன் ஒட்சைட்டில் அது 10, 11 பாகைப் பக்கம் இறங்கி, இடைவெளி 0.8 நானோமீற்றரைத் தொடும். 26.5 இல் சின்ன உச்சி மிச்சமிருந்தால் ஒட்சியேறாத காரீயம் உள்ளே இருக்கிறது என்று அர்த்தம். புற ஊதா நிறமாலைமானி மட்டும்தான் இருக்கிறதா? அதுவும் உதவும். 230 நானோமீற்றரில் உச்சியும் 300 அளவில் தோள் போன்ற மேடும் தெரிய வேண்டும். தாழ்த்திய பிறகு அந்த உச்சி 270 பக்கம் நகரும். ராமன் நிறமாலையில் 1350 இலும் 1580 இலும் இரண்டு பட்டைகள் வரும். அவற்றின் விகிதத்தை மட்டும் வைத்து "தாழ்த்தல் நன்றாக நடந்தது" என்று எழுதும் பழக்கம் இருக்கிறது. அந்த விகிதம் குறைபாடுகளைப் பற்றியது, ஒட்சிசனின் அளவை அது நேரடியாகச் சொல்லாது.

படி 6: வேலைக்கேற்ற கூட்டத்தைக் கோர்த்துவிடுங்கள்

மின்கடத்தலோ நீரை விலக்கும் தன்மையோ வேண்டுமானால் தாழ்த்த வேண்டும். ஐதரசீன் நன்றாக வேலை செய்யும், ஆனால் கடும் நச்சு. விற்றமின் சீ, அதாவது அசுகோபிக் அமிலம், ஏறக்குறைய அதே அளவுக்குச் செய்யும். லீற்றருக்கு 0.1 கிராம் கிராபீன் ஒட்சைட்டுள்ள நீர்ப் பரவலில் 2 மில்லிமோல் அசுகோபிக் அமிலத்தைப் போட்டு, அமோனியாவால் பிஎச் மானத்தை 9 க்கும் 10 க்கும் இடையில் வைத்து, 95 பாகையில் சூடாக்கினால், கால் மணித்தியாலத்திலேயே மண்ணிறம் கறுப்பாகும். முருங்கையிலைச் சாறு, வேப்பிலைச் சாறு என்று பசுமை முறைகள் பற்றியும் ஆர்வம் இருக்கிறது. செய்யலாம். ஆனால் சாற்றில் இருந்த கரிமப் பொருட்கள் தாளில் ஒட்டிக்கொள்ளும். கடைசியில் ஈயத்தைப் பிடித்தது கிராபீனா, முருங்கையா என்று பிரித்துச் சொல்ல முடியாமல் போகும்.

நேர் ஏற்றமுள்ள உலோக அயன்களைப் பிடிக்க, தாழ்த்தாத கிராபீன் ஒட்சைட்டே போதும். காபொட்சில் கூட்டத்தில் அமீனைக் கோர்க்க ஈடிசி போன்ற இணைப்புப் பொருள் வேண்டும். மறை அயன்களைப் பிடிக்க, மாறாத நேர் ஏற்றமுள்ள நாற்பகுதி அமோனியக் கூட்டங்களையோ, அலுமினியம், சேர்க்கோனியம் ஒட்சைட்டுத் துகள்களையோ தாளில் பதிக்க வேண்டும். இரும்பின் இரண்டு, மூன்று வலு அயன்களை 1 க்கு 2 என்ற விகிதத்தில் எடுத்து, நைதரசன் வாயுவின் கீழ் அமோனியாவால் தாளின் மேலேயே வீழ்படியச் செய்தால், காந்தத்தால் இழுத்தெடுக்கக்கூடிய தூள் கிடைக்கும். வேலை முடிந்த தூளைத் தண்ணீரிலிருந்து பிரிப்பதே பெரிய தலையிடி என்பதால் இந்த முறை எனக்குப் பிடிக்கும்.

படி 7: தண்ணீரில் பரீட்சித்தல்

ஈயம், கட்மியம், மெதிலீன் நீலச் சாயம் போன்ற நேர் ஏற்றப் பொருட்களைக் கிராபீன் ஒட்சைட்டு நன்றாகப் பிடிக்கும். 50 மில்லிலீற்றர் கரைசலில் 20 மில்லிகிராம் தூளைப் போட்டு, நேரத்தோடு செறிவு எப்படிக் குறைகிறது என்று அளந்து பாருங்கள். ஈயத்துக்குப் பிஎச் 5 ஐ ஒட்டி வையுங்கள். அதற்கு மேலே போகப் போக ஈயம் தானாகவே ஐதரொட்சைட்டாக வீழ்படியும். அதையும் நம் தூளின் கணக்கில் எழுதிவிடக் கூடாது.

காய்ச்சி வடித்த நீரில் வரும் முடிவு எப்போதும் அழகாகத்தான் இருக்கும். அதே பரீட்சையைத் திருநெல்வேலிக் கிணற்றுநீரிலும், ஊர்காவற்றுறைப் பக்கத்துச் சவர்த் தண்ணீரிலும் செய்யுங்கள். கல்சியமும் மகனீசியமும் ஈயத்தின் இடங்களைப் பிடிக்கும், தூளும் திரளும். இன்னொரு கட்டாயம்: சிரட்டைக்கரியில் செய்த உயிர்ப்பூட்டிய கரியைப் பக்கத்தில் வைத்து, அதே அளவில், அதே தண்ணீரில் ஒப்பிடுங்கள். அது மலிவு, இலங்கையிலேயே பெருமளவில் உற்பத்தியாகிறது, பரப்பும் கிராமுக்கு ஆயிரம் சதுர மீற்றர் அளவில் இருக்கும். அதைத் தோற்கடிக்காத கிராபீனுக்கு வடிகட்டியில் இடமில்லை.

நைத்திரேற்று நம்முடைய உண்மையான தலைவலி. செம்மண் தோட்டங்களில் வெங்காயத்துக்கும் மிளகாய்க்கும் போடும் உரமும், நெருக்கமாக வெட்டிய மலசலகூடக் குழிகளும் காரணம். உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டல் எல்லை லீற்றருக்கு 50 மில்லிகிராம். நைத்திரேற்று மறை அயன், கிராபீன் ஒட்சைட்டும் மறை ஏற்றம். ஒன்றையொன்று தள்ளும். இதைக் கவனிக்காமல் "கிராபீன் வடிகட்டி நைத்திரேற்றை எடுக்கும்" என்று யாராவது விற்க வந்தால், அதில் என்ன கூட்டத்தைக் கோர்த்திருக்கிறார்கள் என்று கேளுங்கள். நாற்பகுதி அமோனியக் கூட்டம் கோர்த்தால் பிடிக்கும், ஆனால் குளோரைட்டும் சல்பேற்றும் போட்டிக்கு வரும். இன்றைக்கு வீட்டுக்கு வேண்டுமானால் அயன் மாற்றுப் பிசினோ எதிர்ச் சவ்வூடுபரவல் (ஆர்.ஓ.) இயந்திரமோதான் நம்பகமான வழி.

புளோரைட்டு, குடாநாட்டைவிட வவுனியா, அநுராதபுரம் பக்கத்துப் பிரச்சினை. எல்லை 1.5 மில்லிகிராம். அலுமினியம் அல்லது சேர்க்கோனியம் பதித்த கிராபீன் ஒட்சைட்டு இதற்குப் பொருத்தம்.

சுன்னாகம் பக்கக் கிணறுகளில் எண்ணெய் கலந்தது எல்லாருக்கும் நினைவிருக்கும். பொலியூரிதீன் பஞ்சைக் கிராபீன் ஒட்சைட்டில் தோய்த்து, பிறகு விற்றமின் சீயால் தாழ்த்தினால், நீரை விலக்கி எண்ணெயை உறிஞ்சும் பஞ்சு கிடைக்கும். பிழிந்துவிட்டுத் திரும்பப் பாவிக்கலாம். ஆனால் அது மேலே மிதக்கும் எண்ணெய்க்கு மட்டும்தான். நீரில் கரைந்த ஐதரோகாபன்களை எடுக்க அந்தப் பஞ்சை நம்பக் கூடாது.

எந்த வடிகட்டியிலும் தூள் குடிநீருக்குள் கசியக் கூடாது. தூளை 2 சதவீத சோடியம் அல்ஜினேற்றுக் கரைசலில் கலந்து, 2 சதவீத கல்சியம் குளோரைட்டுக்குள் துளித்துளியாக விட்டால் உருண்டைகளாக இறுகும். நம்மைப் படுத்திய கல்சியம் இங்கே உதவிக்கு வருகிறது.

படி 8: தண்ணீருக்கு வெளியே

மின்னைச் சேமித்துச் சட்டென்று விடும் சூப்பர் கப்பாசிட்டரின் மின்வாய்களில், 2008 இல் ரொட்னி ரூவொஃப் குழு இரசாயன முறையில் மாற்றிய கிராபீனைக் கொண்டு நீர் மின்பகுபொருளில் கிராமுக்கு 135 பரட், கரிம மின்பகுபொருளில் 99 பரட் பெற்றது. உங்கள் எண்ணை வெளியிடும்போது இரண்டு மின்வாய்க் கலத்திலா, மூன்று மின்வாயிலா என்று கட்டாயம் எழுதுங்கள். இரண்டு மின்வாய்களின் மொத்த நிறையால் வகுத்த கலத்தின் பெறுமானத்தைவிட, தனி மின்வாயின் பெறுமானம் நாலு மடங்கு. மறைத்தால் பெரிய எண்ணாகத் தெரியும், அவ்வளவுதான்.

சீமெந்தில் 0.05 சதவீத கிராபீன் ஒட்சைட்டு சேர்த்தால் இறுக்க வலிமையும் வளைவு வலிமையும் கூடுகின்றன என்று ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. ஒரு 50 கிலோ பைக்கு அது 25 கிராம். கேட்கக் குறைவாகத் தோன்றும், ஆனால் மேலே சொன்ன ஒரு கிராம் வேலையை இருபத்தைந்து தடவை நினைத்துப் பாருங்கள். சீமெந்துக் கரைசல் முழுக்கக் கல்சியம் என்பதால் தாள்கள் திரளும். பொலிகாபொட்சிலேற்று வகைச் சேர்மானத்தை முன்கூட்டியே கலந்தால்தான் பரவியிருக்கும். மேசன்மாருக்குச் சொல்லும் நிலை இன்னும் வரவில்லை.

உப்புக் காற்றுக்குத் துருப்பிடிக்கும் கேற், ஜன்னல் கம்பி எல்லாம் நமக்குப் பழக்கம். எப்பொட்சிப் பூச்சில் கிராபீன் தாள்கள் நீருக்கும் ஒட்சிசனுக்கும் வழியை நீட்டித் துருவைத் தாமதப்படுத்தும். இங்கே தாழ்த்தாததையோ, அமீன் கோர்த்ததையோ தெரிவுசெய்யுங்கள். நன்றாகத் தாழ்த்தியது மின்னைக் கடத்தும். பூச்சில் கீறல் விழுந்தால், இரும்பு அனோட்டாகி அந்த இடத்தில் துரு இன்னும் வேகமாக ஏறும். பூச்சைச் சோதிக்கும்போது 3.5 சதவீத உப்பு நீரில், வேண்டுமென்றே கீறிய தகட்டையும் சேர்த்து வையுங்கள்.

படி 9: கழிவு

உலர்ந்த தூளை மூச்சில் இழுக்கக் கூடாது. எடை போடும்போது தூசு முகமூடி அணியுங்கள். முதல் கழுவலில் வரும் அமிலத்தில் மங்கனீசு நிறைய இருக்கும். ஒரு கிராம் காரீயத்துக்கு லீற்றர் கணக்கில் அமிலக் கழிவு சேரும் என்பதைத் தலைப்புப் போடும் நாளிலேயே திட்டமிடுங்கள். பெரிய பிளாஸ்ரிக் வாளியில் மெதுவாகச் சுண்ணாம்பு நீர் விட்டு நடுநிலையாக்கி, பிஎச் மானத்தை 10 அளவுக்கு ஏற்றினால் மங்கனீசு மண்ணிற வீழ்படிவாக இறங்கும். அதை வடித்து, உலர்த்தி, பெயர் ஒட்டி, திணைக்களத்தின் கழிவுப் பொறுப்பாளரிடம் கொடுங்கள். மிச்ச நீரையும் பிஎச் மானத்தை 7 க்குக் கொண்டுவந்து மங்கனீசு அளவைப் பார்த்த பிறகுதான் வெளியே விட வேண்டும். இங்கே வெறும் நிலத்தில் ஊற்றும் எதுவும் செம்மண்ணைத் தாண்டி, வெடிப்பும் பொந்துமான சுண்ணாம்புக்கல்லுக்குள் இறங்கி, பக்கத்து வளவுக் கிணற்றுக்குப் போய்ச் சேர அதிக நாள் எடுக்காது.